ஹான்ஸ் கோஸ்டர்லிட்ஸ்

இக்கட்டுரை மருந்தியலாளரைப் பற்றியது. இவருடைய மகனான இயற்பியலாளர் மைக்கேல் கோஸ்டர்லிட்ஸ் வேறொருவர்.

ஹான்ஸ் வால்ட்டர் கோஸ்டர்லிட்ஸ் (ஏப்ரல் 27, 1903 - அக்டோபர் 26, 1996) ஜெர்மனியில் பிறந்து ஸ்காட்லாந்தில் வாழ்ந்த மருந்தியலாளர் ஆவார். மூளை தானே உருவாக்கிக்கொள்ளும் மார்ஃபின் போன்ற பொருள்களை ஜான் ஹியூஸ் என்ற இளம் ஆய்வாளருடன் சேர்ந்து 1975 ஆம் ஆண்டு கண்டறிந்தார். இப்பொருள்களுக்கு என்கெஃபலின்கள் என்று பெயரிடப்பட்டது. என்கெஃபலின்கள் நரம்புப் பெப்டைடுகள் என்னும் வகையைச் சேர்ந்தவை. அதாவது, சில அமினோ அமிலங்கள் கோத்த குறுகிய சங்கிலிகளாக இருந்து, நரம்பணுக்களுக்கு இடையே செய்தி கடத்தும் பொருள்கள். வலியை மட்டுப்படுத்துவதிலும் உடல் அசைவை நெறிப்படுத்துவதிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு. இதனை அறிந்துகொள்ள உதவிய விலங்குகளில் முதன்மையானது சுண்டெலி. இக்கண்டுபிடிப்பு வெளியானபோது கோஸ்டர்லிட்சுக்கு வயது 72. பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன.

இளமைக் காலம்

கோஸ்டர்லிட்ஸ் பெர்லின் நகரில் யூத வழிவந்த குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஒரு மருத்துவர். ஹைடல்பர்க், ஃபிரைபுர்க், பெர்லின் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்ற பின், பெர்லினின் புகழ்பெற்ற சாரிட்டே மருத்துவமனையில் வில்லெல்ம் ஹிஸ் என்பவரின் கீழ் பணியாற்றினார். அங்கு எக்ஸ் கதிர்ப் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டே, உடல் சர்க்கரைகளை எவ்வாறு பயன்படுத்துகிறது என்ற ஆய்விலும் ஈடுபட்டார். பாலில் உள்ள சர்க்கரையின் ஒரு கூறான காலக்டோசு, நீரிழிவு நோயாளிகளின் உடலில் என்ன ஆகிறது என்பது அப்போது இவருடைய கேள்வியாக இருந்தது.

1933 ஆம் ஆண்டு ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். அவ்வாண்டு ஏப்ரல் 7 அன்று இயற்றப்பட்ட அரசுப் பணியாளர் சட்டம் யூத வழிவந்தவர்களை அரசுப் பணிகளிலிருந்து வெளியேற்றியது. பல்கலைக்கழகங்களும் அரசு மருத்துவமனைகளும் இச்சட்டத்திற்கு உட்பட்டவை. கோஸ்டர்லிட்சின் பெர்லின் வாழ்க்கை முப்பதாவது வயதில் இவ்வாறு முடிவுக்கு வந்தது.

அபர்டீன்

இன்சுலின் கண்டுபிடிப்புக்காக 1923 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஜே. ஜே. ஆர். மக்லியோட், கனடாவிலிருந்து திரும்பித் தன் சொந்த நாடான ஸ்காட்லாந்தில், அபர்டீன் பல்கலைக்கழகத்தின் உடலியங்கியல் துறையில் பேராசிரியராக இருந்தார். சர்க்கரைகளின் வளர்சிதை மாற்றத்தில் அவருக்கு இணையான அறிஞர் அக்காலத்தில் மிகச் சிலரே. கோஸ்டர்லிட்ஸ் 1934 ஆம் ஆண்டு அவரிடம் சென்று சேர்ந்தார். அடுத்த ஆண்டே மக்லியோட் இறந்துவிட்டார். புதிய மொழி, புதிய நாடு, தன்னை ஏற்றுக்கொண்ட ஆசிரியரும் இல்லை என்ற நிலையிலும் கோஸ்டர்லிட்ஸ் அந்நகரை விட்டு அகலவில்லை. அதன் பின் ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து அங்கேயே மறைந்தார்.

அபர்டீனில் இவருடைய முதல் பெரும்பணி காலக்டோசைப் பற்றியது. காலக்டோசு ஊட்டப்பட்ட விலங்குகளின் கல்லீரலில் காலக்டோசு-1-பாஸ்பேட்டு என்னும் பொருள் தோன்றுவதை இவர் காட்டினார். காலக்டோசு குளுக்கோசாக மாறும் பாதையில் இது ஒரு முதற்படி. பிறவியிலேயே அப்பாதை தடைப்பட்ட குழந்தைகளுக்கு உண்டாகும் காலக்டோசீமியா என்ற நோயைப் புரிந்துகொள்ளவும் இது பின்னாளில் உதவியது. போர்க்காலத்தில் உணவில் உள்ள புரத அளவு கல்லீரலை எவ்வாறு மாற்றுகிறது என்று ஆராய்ந்தார். இப்பணிகள் மட்டுமே இருந்திருந்தாலும் ஒரு நல்ல உயிர்வேதியியலாளராக இவர் பெயர் நூல்களின் அடிக்குறிப்புகளில் நின்றிருக்கும்.

குடல் துண்டு

1950களில் கோஸ்டர்லிட்ஸ் திசை மாறினார். நரம்பும் தசையும் ஒன்றோடொன்று பேசும் முறையில் இவருக்கு ஆர்வம் பிறந்தது. அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஓட்டோ கிரேயருடன் சில காலம் ஆய்வு செய்ததும் இக்காலத்தில்தான். (கிரேயர் யூதர் அல்லர். 1933 இல் ஒரு யூதப் பேராசிரியரை விலக்கிக் காலியாக்கப்பட்ட டியூசல்டார்ஃப் பதவியை ஏற்க மறுத்து, அதற்காகத் தன் நாட்டு வாழ்வை இழந்தவர்.)

கோஸ்டர்லிட்ஸ் தேர்ந்தெடுத்த கருவி மிகப் பழையது. கினிப்பன்றியின் சிறுகுடலின் கடைப்பகுதியிலிருந்து ஒரு துண்டை வெட்டி, வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் தொங்கவிட்டு, கரைசலில் ஆக்சிசனைக் குமிழிகளாகச் செலுத்தினால் அத்துண்டு பல மணி நேரம் உயிரோடு இருக்கும். உள்ளே அழுத்தம் கொடுத்தால், உணவைத் தள்ளுவது போல் அலை அலையாகச் சுருங்கும். பவுல் டிரெண்டலன்பர்க் என்ற ஜெர்மானிய மருந்தியலாளர் 1917 ஆம் ஆண்டு இம்முறையை விவரித்தார். மார்ஃபின் இவ்வலைகளை அடக்குகிறது என்பதையும் அவர் கண்டிருந்தார். அபின் உண்டவர்களுக்கு மலச்சிக்கல் ஏற்படும் என்பதும், வயிற்றுப்போக்குக்கு அபின் மருந்தாகும் என்பதும் உலகம் நெடுங்காலமாக அறிந்தவைதாம்.

1957 ஆம் ஆண்டு கோஸ்டர்லிட்சும் அவருடன் பணியாற்றிய ராபின்சனும் மார்ஃபின் குடலின் அசைவை அடக்குவதைத் துல்லியமாக அளந்து வெளியிட்டனர். அதே ஆண்டு இங்கிலாந்தில் வில்லியம் பேட்டன் இதன் காரணத்தைக் காட்டினார். மார்ஃபின் குடல் தசையைத் தாக்குவதில்லை. தசைக்குக் கட்டளையிடும் நரம்பு முனைகள் அசெட்டைல்கோலின் என்னும் பொருளை வெளியிடுவதைக் குறைக்கிறது. தசை வலுவோடுதான் இருக்கிறது, கட்டளைதான் வந்து சேர்வதில்லை.

இங்குதான் கோஸ்டர்லிட்சின் துணிவு வெளிப்பட்டது. குடல் துண்டில் உள்ள நரம்பு முனைகளை மூளையில் உள்ள நரம்பணுக்களுக்கு ஒரு மாதிரியாகக் கொள்ளலாம் என்று இவர் கருதினார். மார்ஃபின் போன்ற மருந்துகள் ஒவ்வொன்றும் குடலை அடக்கும் வலிமையை அளந்து, அதே மருந்து மனிதனின் வலியை நீக்கும் வலிமையோடு ஒப்பிட்டார். இரண்டும் வியக்கத்தக்க வகையில் ஒத்துச் சென்றன. குடலை வைத்து வலியை அளப்பதா என்று ஐயுற்றவர்கள் இருந்தனர். குடலுக்கு வலி தெரியாதே என்ற அவர்களின் கேள்வியில் நியாயம் இருந்தது. ஆனால் கோஸ்டர்லிட்ஸ் அளந்தது வலியை அன்று. மருந்து பற்றிக்கொள்ளும் இடத்தையே அளந்தார். அந்த இடம், அதாவது ஏற்பி, குடலிலும் மூளையிலும் ஒன்றே என்பதுதான் அவருடைய வாதம்.

இவ்வாதத்தின் பயனை உணர, வலிநீக்கிகளை அக்காலத்தில் எவ்வாறு சோதித்தனர் என்று பார்க்க வேண்டும். 1944 ஆம் ஆண்டு முதல் வழக்கில் இருந்த சூட்டுத் தட்டுச் சோதனையில், சூடாக்கிய உலோகத் தட்டின் மேல் சுண்டெலியை விடுவர். பாதத்தை நக்கவோ துள்ளவோ அது எடுத்துக்கொள்ளும் நேரம் அளக்கப்படும். மருந்து கொடுத்தபின் அந்நேரம் நீண்டால் வலி குறைந்தது என்று பொருள். வாலின் மேல் வெப்பத்தைச் செலுத்தி, வாலை இழுத்துக்கொள்ளும் நேரத்தை அளப்பது மற்றொரு முறை. இரண்டிலும் ஒரு சிக்கல் உண்டு. கண்ணுக்குத் தெரிவது வலியன்று, அசைவு மட்டுமே. தசை தளர்ந்தோ உறைந்தோ நிற்கும் சுண்டெலியும் தட்டின் மேல் பேசாமல்தான் நிற்கும். மருந்து வலியைத் தடுத்ததா, அல்லது வலியைக் காட்டும் வழியை அடைத்ததா என்று இச்சோதனை மட்டும் சொல்லாது. வலிநீக்கிகளைத் தேடிய பலரை ஏமாற்றிய இடம் இது. தனித்த திசுவில் இந்தக் குழப்பம் இல்லை.

சுண்டெலியின் விந்து நாளம்

1968 ஆம் ஆண்டு அபர்டீனில் மருந்தியல் தனித்துறையாகத் தொடங்கப்பட்டபோது கோஸ்டர்லிட்ஸ் அதன் முதல் பேராசிரியரானார். அப்போது வயது 65. மற்றவர்கள் ஓய்வை எண்ணும் வயதில் புதிய துறையைக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு ஜான் ஹியூஸ் அத்துறையில் வந்து சேர்ந்தார். விரைவும் பொறுமையின்மையும் கொண்ட ஹியூசும், எதையும் பத்து முறை அளந்து பார்க்கும் முதியவரும் இணைந்த இக்கூட்டு நற்பயன் தந்தது.

1972 ஆம் ஆண்டு கிரேம் ஹெண்டர்சன், ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் ஆகிய மூவரும் சுண்டெலியின் விந்து நாளம் மார்ஃபினுக்கு இணங்குவதைக் கண்டனர். நூல் போன்ற மெல்லிய இக்குழாயைக் கரைசலில் தொங்கவிட்டு அதன் நரம்புகளை மின்னதிர்வால் தூண்டினால், ஒவ்வோர் அதிர்வுக்கும் ஒரு முறை துடிக்கும். இங்குள்ளவை பரிவு நரம்புகள், இவை நோர்அட்ரினலினை வெளியிடுபவை. மார்ஃபினின் ஒரு துளி கரைசலில் விழுந்ததும் துடிப்பின் உயரம் குறைகிறது. மார்ஃபினுக்கு எதிரான நலாக்சோன் என்னும் மருந்தைச் சேர்த்தால் துடிப்பு மீண்டும் உயர்கிறது. எல்லா விலங்குகளின் விந்து நாளமும் மார்ஃபினுக்கு இவ்வாறு பணிவதில்லை.

இதனால் ஆய்வகத்தின் கையில் இரு வேறு திசுக்கள் கிடைத்தன. இரண்டும் வேறு விலங்குகளுடையவை, வேறு வேதிப்பொருள்களால் இயங்குபவை. ஏதேனும் ஒரு சாறு இரண்டையும் அடக்கி, இரண்டிலும் நலாக்சோனால் முறியடிக்கப்பட்டால், அச்சாற்றில் மார்ஃபின் போன்ற பொருள் உள்ளது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். ஒரு திசுவை மட்டும் நம்பியிருந்தால் மூளைச் சாற்றில் உள்ள நூற்றுக்கணக்கான பொருள்களில் எது துடிப்பைக் குறைத்தது என்று பிரித்தறிய இயலாமல் போயிருக்கும்.

என்கெஃபலின்களின் கண்டுபிடிப்பு

அபின் செடியின் பாலில் உள்ள பொருளுக்கு விலங்கின் மூளையில் ஏன் ஓர் ஏற்பி இருக்க வேண்டும் என்ற கேள்வி அப்போது பலரிடம் எழுந்திருந்தது. மூளையின் நடுப்பகுதியில் ஒரு குறிப்பிட்ட இடத்தை மின்சாரத்தால் தூண்டினால் எலிகளுக்கு வலி மறைவதை 1969 ஆம் ஆண்டு டேவிட் ரெய்னால்ட்ஸ் காட்டினார். இவ்வகை வலிமறைவை நலாக்சோன் ஓரளவு தடுக்கிறது என்பதும் பின்னர் தெரியவந்தது. 1973 ஆம் ஆண்டு மூளையில் அபின் ஏற்பிகள் இருப்பதை அமெரிக்காவில் கேண்டஸ் பெர்ட், சாலமன் சினைடர் ஆகியோரும், எரிக் சைமனும், சுவீடனில் லார்ஸ் டெரினியசும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நிலைநாட்டினர். பூட்டு இருந்தால் அதற்கென்று ஒரு சாவியும் உடலுக்குள்ளேயே இருக்க வேண்டும்.

அதே 1973 ஆம் ஆண்டு கோஸ்டர்லிட்ஸ் பேராசிரியர் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார். ஆனால் போதைப்பழக்கம் உண்டாக்கும் மருந்துகளுக்கான ஆய்வுப் பிரிவு ஒன்றை அபர்டீனிலேயே தொடங்கி அதன் தலைவரானார். ஹியூஸ் அதிகாலையில் மிதிவண்டியில் இறைச்சிக்கூடத்துக்குச் சென்று, அங்குள்ளவர்களுக்கு விஸ்கி கொடுத்துப் பன்றிகளின் மூளைகளைப் பெற்று வந்தார். அவற்றை அரைத்து, அசெட்டோனில் கரைத்து, வடிகட்டி, செறிவூட்டி, ஒவ்வொரு கூறாகப் பிரித்து, ஒவ்வொரு கூறையும் கினிப்பன்றியின் குடலிலும் சுண்டெலியின் விந்து நாளத்திலும் சோதித்தனர். இரு திசுக்களும் ஒரே கூறுக்கு அடங்கின, நலாக்சோனைச் சேர்த்ததும் இரண்டும் மீண்டன. புரதச் சங்கிலியின் நுனியை வெட்டும் நொதியைச் சேர்த்தால் அக்கூறின் செயல் அழிந்தது. ஆகவே தேடிய பொருள் மார்ஃபினைப் போன்ற வடிவமுடைய சிறு மூலக்கூறு அன்று, ஒரு பெப்டைடு. இது யாரும் எதிர்பார்த்த விடை அன்று.

அமெரிக்க ஆய்வகங்களும் இதே பொருளைத் தேடிக்கொண்டிருந்ததால் வேகம் தேவைப்பட்டது. அமினோ அமில வரிசையை அறிய அபர்டீனின் லிண்டா ஃபாதர்கில்லும், நிறை நிறமாலையியலில் வல்லவரான ஹோவர்ட் மாரிசும் உதவினர். ரெக்கிட் அண்ட் கோல்மன் நிறுவனத்தின் வேதியியலாளர் பாரி மார்கன் அப்பெப்டைடைச் செயற்கையாக உருவாக்கித் தந்தார். கிடைத்தது ஒன்றன்று, இரண்டு பெப்டைடுகள். ஒவ்வொன்றிலும் ஐந்து அமினோ அமிலங்கள். முதல் நான்கும் ஒரே வரிசை: டைரோசின், கிளைசின், கிளைசின், பினைல்அலனின். ஐந்தாவது இடத்தில் ஒன்றில் மெத்தியோனினும் மற்றதில் லியூசினும் இருந்தன. இதன் விவரம் 1975 டிசம்பர் 18 அன்று நேச்சர் இதழில் வெளியானது. தலைக்குள் இருப்பது என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து என்கெஃபலின் என்ற பெயர் உருவாக்கப்பட்டது.

இதில் மற்றொரு வியப்பும் இருந்தது. மெத்தியோனின் என்கெஃபலினின் ஐந்து எழுத்துகளும், பத்தாண்டுகளுக்கு முன் சோ ஹாவ் லீ பிட்யூட்டரி சுரப்பியிலிருந்து பிரித்தெடுத்த பீட்டா-லிப்போட்ரோப்பின் என்னும் நீண்ட சங்கிலியின் 61 முதல் 65 வரையிலான இடங்களில் அப்படியே இருந்தன. மாரிஸ் ஒரு சொற்பொழிவின்போது இதனைக் கவனித்தார். பயன் தெரியாமல் கிடந்த பிட்யூட்டரிப் பொருள் இவ்வாறு உயிர் பெற்றது. அச்சங்கிலியின் 61 முதல் 91 வரையிலான பகுதியே பீட்டா-எண்டோர்பின். ஆனால் என்கெஃபலின்கள் அதிலிருந்து வெட்டப்படுபவை அல்ல என்பதும், அவற்றுக்குத் தனியான முன்னோடிப் புரதம் உண்டு என்பதும் 1982 இல் மரபணு ஆய்வுகளால் தெளிவாயிற்று.

சுண்டெலிகளில் வலியும் அசைவும்

திசுவில் கண்டது உயிருள்ள விலங்கிலும் உண்மையா என்பதே அடுத்த கேள்வி. 1976 ஆம் ஆண்டு சுண்டெலிகளின் மூளைக்குள் என்கெஃபலினைச் செலுத்தியபோது வலி குறைந்தது. ஆனால் அவ்விளைவு வலுவற்றதாகவும் சில நிமிடங்களே நீடிப்பதாகவும் இருந்தது. விந்து நாளத்தில் மார்ஃபினை விஞ்சிய பொருள் முழு விலங்கில் தளர்ந்து போனது ஏமாற்றமே. மூளையில் உள்ள நொதிகள் என்கெஃபலினை உடனுக்குடன் சிதைத்துவிடுவதே இதன் காரணம். அத்தகைய நொதி ஒன்றைத் தடுக்கும் தியார்ஃபன் என்ற பொருளை 1980 ஆம் ஆண்டு பிரெஞ்சு ஆய்வாளர்கள் உருவாக்கி, சுண்டெலிகளில் வலிநீக்கம் நீடிப்பதைக் காட்டினர். அதே வழியில் பிறந்த ரேசிகேடோட்ரில் என்னும் மருந்து வலிக்காகப் பயன்படவில்லை. வயிற்றுப்போக்குக்கு, குறிப்பாகக் குழந்தைகளுக்கு, இந்தியா உட்படப் பல நாடுகளில் தரப்படுகிறது. குடலில் தொடங்கிய ஆய்வின் பயன் குடலுக்கே திரும்பியதில் ஒரு பொருத்தம் இருக்கிறது.

என்கெஃபலின் வலியை எவ்வாறு தணிக்கிறது என்பது குடல் துண்டில் கண்ட அதே தத்துவம்தான். தண்டுவடத்தின் பின்பகுதியில், உடலிலிருந்து வரும் வலி நரம்புகள் முடியும் இடத்தில், என்கெஃபலின் உள்ள சிறு நரம்பணுக்கள் இருக்கின்றன. இவை வெளியிடும் என்கெஃபலின், வலி நரம்பின் முனை தன் செய்திப்பொருளை வெளியிடுவதைக் குறைக்கிறது. அவ்வாறு குறைக்கப்படும் பொருள்களில் ஒன்றான சப்ஸ்டன்ஸ் பி என்பதும் ஒரு நரம்புப் பெப்டைடே. 1931 இல் ஃபொன் ஆய்லரும் காடமும் அதனைக் கண்டறிந்ததும் குடல் துண்டின் துணையோடுதான்.

அசைவின் கதை இதைவிடச் சிக்கலானது. மார்ஃபின் பெற்ற மனிதன் மயங்கிக் கிடப்பான். பெரிய எலி விறைத்து நிற்கும். பீட்டா-எண்டோர்பினை மூளைக்குள் செலுத்திய எலிகள் சிலை போல் உறைந்ததை 1976 இல் இரு ஆய்வுக் குழுக்கள் அறிவித்தன. சுண்டெலியோ இதற்கு நேர்மாறானது. மார்ஃபின் பெற்ற சுண்டெலி கூண்டைச் சுற்றி ஓயாமல் ஓடும், அதன் வால் முதுகின் மேல் வளைந்து விறைத்து நிற்கும். இவ்வால் நிலையை 1911 ஆம் ஆண்டு வால்ட்டர் ஸ்ட்ராப் விவரித்ததால் அது அவர் பெயராலேயே வழங்குகிறது. எளிதில் சிதையாதபடி மாற்றியமைக்கப்பட்ட என்கெஃபலின்களும் சுண்டெலிகளை ஓடச் செய்தன. நடுமூளையில் டோப்பமின் நரம்பணுக்களை அடக்கிவைக்கும் வேறு நரம்பணுக்கள் உள்ளன. அபின் வகைப் பொருள்கள் அந்த அடக்கும் அணுக்களை அடக்குகின்றன. கடிவாளம் தளர்ந்த டோப்பமின் அணுக்கள் உடலை ஓட்டத்தில் செலுத்துகின்றன.

வலிநீக்கமும் ஓட்டமும் ஒரே விளைவின் இரு முகங்களா? 1970களின் நடுவில் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒலிவேரியோவும் காஸ்டெல்லானோவும் இரு தூய சுண்டெலி இனங்களை ஒப்பிட்டனர். சி57 என்னும் இனம் மார்ஃபினால் வெகுவாக ஓடியது, ஆனால் வலிநீக்கம் குறைவு. டிபிஏ என்னும் இனத்தில் வலிநீக்கம் மிகுதி, ஓட்டம் சிறிதளவே. ஒரே பொருள், ஒரே வகை விலங்கு, ஆயினும் இரு விளைவுகளும் மரபு வழியில் பிரிந்து நின்றன. சூட்டுத் தட்டின் மேல் சுண்டெலியின் கால் அசைவதை மட்டும் பார்த்து முடிவு சொல்வோருக்கு இது ஓர் எச்சரிக்கை. என்கெஃபலின் மூளையில் மிகுந்திருக்கும் இடமும் இதற்கு இசைவானதே. வலிப் பாதையைக் காட்டிலும் அதிகமாக அது குவிந்திருப்பது, அசைவை நெறிப்படுத்தும் குளோபஸ் பாலிடஸ் என்னும் ஆழ்ந்த பகுதியில். பார்க்கின்சன் நோயில் பாதிக்கப்படும் சுற்றுப்பாதையும் இதனூடாகச் செல்கிறது. வலியைத் தேடிச் சென்றவர்கள் அசைவின் நடுவில் போய் நின்றார்கள் என்றே கூறவேண்டும்.

ஏற்பி வகைகள்

கோஸ்டர்லிட்சின் அளவுகளில் ஒரு முரண் தொடர்ந்து தலைகாட்டியது. என்கெஃபலின்கள் சுண்டெலியின் விந்து நாளத்தில் மார்ஃபின் வகைப் பொருள்களைவிடப் பன்மடங்கு வலிமையாக இருந்தன. கினிப்பன்றியின் குடலில் அவ்வளவு இல்லை. விந்து நாளத்தில் என்கெஃபலினின் செயலை முறியடிக்க நலாக்சோனும் கூடுதலாகத் தேவைப்பட்டது. இதனை அளவுப் பிழை என்று ஒதுக்கியிருக்கலாம். 1977 ஆம் ஆண்டு லார்ட், வாட்டர்ஃபீல்ட், ஹியூஸ், கோஸ்டர்லிட்ஸ் ஆகியோர் இரு திசுக்களிலும் உள்ள ஏற்பிகளே வேறு வேறு என்று முடிவு செய்தனர். அமெரிக்கரான வில்லியம் மார்ட்டின் அதற்கு முந்தைய ஆண்டு நாய்களில் செய்த ஆய்விலிருந்து மியூ, கப்பா முதலிய வகைகளை முன்மொழிந்திருந்தார். அபர்டீன் குழுவினர் விந்து நாளத்தில் கண்ட புதிய வகைக்கு, அந்நாளத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்தை நினைவூட்டும் டெல்டா என்ற கிரேக்க எழுத்தைச் சூட்டினர். சுண்டெலியின் டெல்டா ஏற்பியின் மரபணு 1992 ஆம் ஆண்டு பிரித்தெடுக்கப்பட்டது. கோஸ்டர்லிட்ஸ் அப்போது உயிரோடு இருந்தார். திசுத் துடிப்பின் உயரத்தைக் கொண்டு பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஊகித்த ஏற்பி ஒரு மூலக்கூறாகக் கைக்கு வந்ததைக் காணும் பேறு அவருக்குக் கிடைத்தது.

விருதுகளும் சர்ச்சையும்

1978 ஆம் ஆண்டு கோஸ்டர்லிட்ஸ் அரச கழகத்தின் உறுப்பினரானார். அடுத்த ஆண்டு அக்கழகத்தின் அரச பதக்கம் கிடைத்தது. 1978 இல் ஹியூஸ், சினைடர் ஆகியோருடன் அமெரிக்காவின் லாஸ்கர் விருதையும் பகிர்ந்துகொண்டார். ஏற்பியைக் கண்டறிந்த சோதனைகளைச் செய்தவரான கேண்டஸ் பெர்ட் அவ்விருதில் சேர்க்கப்படவில்லை. பட்ட மாணவியாக இருந்ததால் விடுபட்ட அவர் அதனை வெளிப்படையாக எதிர்த்தார். அறிவியல் பரிசுகளில் இளையோரின், பெண்களின் பங்கு மறைக்கப்படுவதற்கு எடுத்துக்காட்டாக இச்சர்ச்சை நெடுங்காலம் பேசப்பட்டது. என்கெஃபலின் கண்டுபிடிப்புக்கு நோபல் பரிசு வழங்கப்படவே இல்லை.

இக்கண்டுபிடிப்பின்போது பரவலாக எழுந்த ஓர் எதிர்பார்ப்பும் நிறைவேறவில்லை. உடலின் சொந்தப் பொருள் என்பதால் என்கெஃபலின் போதைப்பழக்கம் உண்டாக்காத வலிநீக்கியாகும் என்று பலர் நம்பினர். தொடர்ந்து செலுத்தினால் இதற்கும் உடல் பழகி அடிமையாகிவிடும் என்பது விலங்குச் சோதனைகளில் விரைவில் தெரிந்தது.

குடும்பம்

கோஸ்டர்லிட்ஸ் 1937 ஆம் ஆண்டு ஹன்னா கிரெஸ்ஹோனரை மணந்தார். இவரும் ஜெர்மனியிலிருந்து வந்தவர். இவர்களுடைய மகன் மைக்கேல் 1943 இல் அபர்டீனில் பிறந்தார். டேவிட் தவ்லஸ், டங்கன் ஹால்டேன் ஆகியோருடன் 2016 ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பெற்றார். தந்தைக்குக் கிட்டாத பரிசு மகனுக்குக் கிட்டியது.

மறைவு

முதுமையிலும் ஆய்வகத்தை விடாத கோஸ்டர்லிட்ஸ் 1996 அக்டோபர் 26 அன்று தமது 93 ஆம் வயதில் அபர்டீனில் காலமானார்.

அவர் இறந்த அதே மாதத்தில், அக்டோபர் 10 ஆம் நாள், என்கெஃபலினின் முன்னோடிப் புரதத்துக்கான மரபணு நீக்கப்பட்ட சுண்டெலிகளைப் பற்றிய கட்டுரை நேச்சர் இதழில் வெளியாகியிருந்தது. இச்சுண்டெலிகள் நலமாக வளர்ந்தன, குட்டிகளை ஈன்று பேணின. ஆனால் அச்சம் மிகுந்தவையாக இருந்தன, ஆண்கள் கூடுதலாகச் சண்டையிட்டன. மூளை வழியாக வரும் வலி எதிர்வினைகள் இயல்பிலிருந்து தெளிவாக வேறுபட்டன, தண்டுவட அளவிலேயே முடியும் எதிர்வினைகள் மாறவில்லை. எல்லோரும் எதிர்பார்த்ததற்கு மாறாக, மனஅழுத்தத்தால் தோன்றும் வலிமறைவு அவற்றிடம் குன்றவில்லை. கோஸ்டர்லிட்ஸ் இறந்த ஐந்தாம் நாள், அக்டோபர் 31 அன்று, மியூ ஏற்பி நீக்கப்பட்ட சுண்டெலிகளைப் பற்றிய மற்றொரு கட்டுரை அதே இதழில் வந்தது. அச்சுண்டெலிகளுக்கு மார்ஃபின் கொடுத்தபோது வலியும் குறையவில்லை, மார்ஃபின் மீதான நாட்டமும் தோன்றவில்லை.